ஆயுத பூஜைக்கு நான் அணைத்த இன்குபேட்டர்

1. ஒன்பது டிகிரி

திவ்யா போன் செய்தபோது ஆட்டோகிளேவின் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். வண்டி இன்னும் செய்யாறு தாண்டவில்லை, கம்பெனி ஷிப்ட் விடுகிற நேரம், ரோடு முழுக்க பஸ் என்றாள். சென்னை ஏர்போர்ட்டில் இரண்டு டிகிரி காட்டிய பெட்டி இப்போது ஏழு காட்டுகிறதாம். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பேஜார் பண்ணாத திவ்யா. ஏசிய ஃபுல்லா வெச்சிகினு வா. தொறந்து தொறந்து பாத்தா இன்னும்தான் ஏறும். நான் ஐஸோட வாசல்ல நிக்கறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கையில் ஐஸ் இல்லை. லேப் ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் இரண்டு டிரேதான். ஜூன் பிறந்தும் ஆரணியில் வெயில் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமையில் கவுச்சிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் நான். அன்றைக்கு ஆட்டோ பிடித்து மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கோணி நிறைய ஐஸ் வாங்கி வந்தேன். பெட்டி வந்து சேர்ந்தபோது ஒன்பது டிகிரி. உள்ளே மூன்று பாட்டில்கள். திவ்யா இமாசலப் பிரதேசத்து மலைமேல் மூக்கில் ரத்தம் வர ஏறி, பனியாற்றைக் குடைந்து எடுத்த பனி, மூன்றிலும் பாதி தண்ணீராகியிருந்தது. அதை மீன் ஐஸுக்குள் புதைத்த பிறகுதான் இரண்டு பேரும் மூச்சு விட்டோம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் கோமதி. ஆரணியில் ஒரு தனியார் கல்லூரியின் மைக்ரோபயாலஜி துறையில் முப்பத்தோரு வருஷம் லேப் டெக்னீஷியனாக இருந்துவிட்டுப் போன வருஷம் ரிடையர் ஆனேன். திவ்யா அங்கே பிஎச்.டி. செய்த பெண். ஊர் தேசூர், அப்பா விவசாயம். பனியாற்றிலிருந்து குளிர் தாங்கும் புது பாக்டீரியா இனத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி.

லேபுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையில் கேட்டார்கள். ஆட்டோகிளேவை எப்படித் திறப்பது, மீடியா எப்படி ஊற்றுவது என்று நாலு நல்ல விஷயம் எழுதலாம்தான். அதெல்லாம் மேனுவலிலேயே இருக்கிறது. மேனுவலில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

2. இளஞ்சூட்டில் சாகிற உயிர்

எங்கள் துறையில் அதுவரை வந்ததெல்லாம் சூட்டுக்குப் பழகிய கிருமிகள். சாயப்பட்டறைக் கழிவுநீர், மாட்டுப்பால், ஆஸ்பத்திரி சாம்பிள். முப்பத்தேழு டிகிரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில் பிளேட் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிருமிக் காலனி நிற்கும். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான்.

பனித் தண்ணீரை முதலில் பிளேட் செய்த அன்று, எப்போதும்போல கிருமிக்கு உணவான மீடியாவை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, சாம்பிளோடு கலந்து ஊற்றத் தயாராக நின்றேன். திவ்யா ஓடிவந்து கையைப் பிடித்தாள். நமக்குக் கை பொறுக்கிற சூட்டில் இதெல்லாம் செத்துவிடும் அக்கா என்றாள். பிளேட்டை முதலில் ஊற்றி, குளிரவைத்து, அதற்குமேல் சொட்டுவிட்டுத் தடவ வேண்டுமாம். பிப்பெட் டிப்பைக்கூட ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு இந்தக் கையால் சொல்லிக்கொடுத்திருப்பேன், இவள் எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து என் மனசில் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. நம் ஊரில் விசிறிக் காற்றே அந்த உயிருக்கு நெருப்பு. லேபில் நான் பழகிய ஒவ்வொரு பழக்கமும் அதற்கு விஷமாக இருக்கலாம். காலையில் லேபைத் திறந்ததும் முதல் வேலையாக டெம்பரேச்சரைப் பார்ப்பேன், சாயங்காலம் பூட்டும்போது இரண்டு முறை பார்ப்பேன்.

இதற்காகவே பி.ஓ.டி. இன்குபேட்டர் ஒன்று வாங்கினார்கள். சாதாரண இன்குபேட்டர் சூடு மட்டும்தான் கொடுக்கும். இது குளிரும் கொடுக்கும். பத்து டிகிரியில் வைத்தோம். பழைய இன்குபேட்டருக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினேன். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை அலமாரிதான். சுவிட்சுகளும் ஒரே போர்டில் வரிசையாக இருந்தன. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஜி-17

முதல் பத்து நாள் பிளேட்டில் ஒன்றுமில்லை. துறைத் தலைவர் சார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, எல்லாம் வழியிலயே பூட்ச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக முளைத்தன. நம்பர் போட்டுக்கொண்டே வந்தோம். பதினேழாவதாக எடுத்த காலனி ஒரே ஒரு பிளேட்டில், ஒரே ஒரு புள்ளியாக வந்தது. குண்டூசித் தலை அளவு. ஆரஞ்சு நிறம், மேலே பளபளப்பு இல்லாமல் சாக்பீஸ்போல. அதற்கு ஜி-17 என்று பெயர் வைத்தோம்.

அது கண்ணுக்குத் தெரிய பன்னிரண்டு நாள் எடுத்தது. பதினெட்டு டிகிரிக்குமேல் வளரவே மாட்டேன் என்றது. அதன் டிஎன்ஏவைச் சென்னைக்கு அனுப்பி சீக்வென்ஸ், அதாவது அதன் எழுத்து வரிசை, பார்த்தோம். ரிசல்ட் வந்த அன்று திவ்யா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களோடு ஒப்பிடும்போது ஒற்றுமை தொண்ணூற்றெட்டே முக்கால் சதவீதத்துக்குக் கீழே போனால் புது இனமாக இருக்கலாம் என்று சந்தேகப்படலாம். இது அதற்கும் ரொம்பக் கீழே இருந்தது.

சார் துறை முழுக்க லட்டு கொடுத்தார். எனக்கு லட்டு இறங்கவில்லை. ஏனென்றால் சீக்வென்ஸ் மட்டும் கையில் இருந்தால் போதாது. புது இனம் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அந்தக் கிருமி உயிரோடு இருக்க வேண்டும். வேறெதுவும் கலக்காமல் தனியாக வளர்த்த கல்ச்சராக்கி, இரண்டு வேறு வேறு நாட்டிலுள்ள கல்ச்சர் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் வளர்த்துப் பார்த்து, ஆமாம் என்று சான்றிதழ் தர வேண்டும். திவ்யாவின் ஃபெலோஷிப் முடிய ஏழு மாதம்தான் இருந்தது. தீசிஸே ஜி-17ஐ நம்பித்தான் நின்றது.

ஜி-17 இன்னும் சுத்தமாகவில்லை. எங்கள் லேபில் ஒரு கிருமி உண்டு. ஜன்னலைத் திறந்தால் காற்றில் வந்து பிளேட்டில் உட்காரும். அதுவும் ஆரஞ்சுதான். நான் அதற்கு 'ஜன்னல்காரன்' என்று பெயர் வைத்திருந்தேன். அது ஜி-17 பிளேட்டிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கம்பி லூப்பால் புதுப் பிளேட்டில் திரும்பத் திரும்பக் கோடிழுத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டு முறை பிரித்தாயிற்று. மூன்றாவது முறையாக நாலு பிளேட்டில் கோடிழுத்து பி.ஓ.டி.யில் வைத்தாள். அது சுத்தமாக வந்ததும் கிளிசராலில் போட்டு ஃப்ரீசரில் ஸ்டாக் வைத்துவிடலாம், சுத்தமாகாததை ஸ்டாக் வைக்கக் கூடாது என்பது சாரின் கண்டிப்பு. பழைய பிளேட்டுகளை வழக்கம்போல நானே ஆட்டோகிளேவ் நீராவியில் கொன்று கொட்டிவிட்டேன். ஆக, உலகத்தில் ஜி-17 இருந்தது அந்த நாலு பிளேட்டிலும், ஃப்ரீசரில் மீதியிருந்த நூற்றறுபது மில்லி பனித் தண்ணீரிலும்தான்.

அது ஆயுத பூஜை வாரம்.

4. பூஜை

நான் பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். ஆயுத பூஜையன்று தறியில் கால் வைக்கக் கூடாது. துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தால், மறுபடி எடுக்கிற வரைக்கும் அது ஓய்வில் இருக்க வேண்டும். வருஷம் முழுக்க நமக்கு உழைத்ததற்கு அன்றைக்கு ஒரு நாள் மரியாதை. லேபுக்கு வந்த முதல் வருஷமே இதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டேன். மைக்ரோஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ், ஹாட் ஏர் ஓவன், இன்குபேட்டர் எல்லாம் துடைத்து, பொட்டு வைத்து, சுவிட்சை அணைத்துவிடுவேன். ஃப்ரிட்ஜையும் ஃப்ரீசரையும் மட்டும் தொடமாட்டேன். முப்பது வருஷமாக ஒரு குறையும் வந்ததில்லை.

வியாழக்கிழமை ஆயுத பூஜை, வெள்ளி விஜயதசமி, அப்புறம் சனி ஞாயிறு. அதனால் கல்லூரியில் புதன்கிழமை மதியமே பூஜை வைத்தோம். திவ்யா காலையிலேயே தேசூருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது பி.ஓ.டி. கதவில் 'அணைக்காதீர்கள்' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனாள். என்னிடமும் வாயால் சொன்னாள். எனக்கே சொல்கிறாயா என்று முறைத்தேன்.

மதியம் பொரி, சுண்டல், சாம்பிராணிப் புகை, பிள்ளைகள் கூச்சல். நான் வரிசையாகத் துடைத்துக்கொண்டே வந்தேன். பி.ஓ.டி. கதவைத் துடைக்க அந்தக் காகிதம் இடைஞ்சலாக இருந்தது. அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம் என்று உரித்து ஏப்ரன் பாக்கெட்டில் போட்டேன். பட்டை போட்டேன், பொட்டு வைத்தேன். யாரோ கற்பூரத் தட்டை நீட்டினார்கள். கை அதுபாட்டுக்குப் போர்டுக்குப் போய் வரிசையாக எல்லா சுவிட்சையும் கீழே தள்ளியது. பழைய இன்குபேட்டரும் போயிற்று, பக்கத்திலிருந்ததும் போயிற்று.

எனக்கு எதுவும் தோன்றவே இல்லை. நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நாலு நாள் நன்றாகத் தூங்கினேன்.

5. திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு லேபைத் திறந்தேன். வழக்கம்போல முதலில் பி.ஓ.டி.யின் டிஸ்பிளேவைப் பார்த்தேன். ஒன்றுமில்லை, கறுப்பாக இருந்தது. பல்பு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கதவில் குங்குமத்தைப் பார்த்தேன். கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. தெர்மாமீட்டர் முப்பத்திரண்டு.

நாலு பிளேட்டில் இரண்டில் பூஞ்சைக் காளான் பஞ்சாகக் கிளம்பியிருந்தது. மற்ற இரண்டில் மூடியெல்லாம் வேர்த்து, கோட்டின் மேலேயே சின்னச் சின்னதாக ஆரஞ்சுக் காலனிகள்.

அதற்கப்புறம் நான் செய்ததைத்தான் இந்த வயதில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. சுவிட்சைப் போட்டேன். ஏப்ரன் பாக்கெட்டிலிருந்த காகிதத்தை எடுத்து, பொட்டின் மேலேயே திரும்ப ஒட்டினேன். டேபிளைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

திவ்யா ஒன்பதரைக்கு வந்தாள். பையைக்கூட வைக்காமல் நேராக பி.ஓ.டி.யிடம் போனாள். டிஸ்பிளே பத்தொன்பது காட்டியது.

"கரண்ட் பூட்ச்சாக்கா?" என்று கேட்டாள்.

"போயிருக்கும்போல. நான் வரும்போது சூடு ஏறியிருந்துது" என்றேன்.

பொய் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. அவளே ஒரு வழி திறந்துவிட்டாள், நான் நுழைந்துவிட்டேன். எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு எட்டு மாதம். இத்தனை வருஷம் ஒரு பிள்ளை லூப்பைச் சரியாகக் காய்ச்சவில்லை என்றால்கூட அழ அழத் திட்டியவள். இவளிடம் போய் நான் அணைத்துவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது. இரண்டு பிளேட் பிழைத்திருக்கிறதே, அதில் ஜி-17 இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சார் விஷயம் கேள்விப்பட்டு கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அந்த மனுஷர் வயரையெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டு, லைன்ல ஒரு கோளாறும் இல்லீங்களே சார் என்று தலையைச் சொறிந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பிப்பெட் கழுவினேன்.

6. கண்ணுக்குத் தெரிந்த பொய்

திவ்யா அன்றைக்கே அந்த இரண்டு பிளேட்டிலிருந்தும் புதுப் பிளேட்டுகளில் கோடிழுத்து, பத்து டிகிரியில் வைத்தாள். வியாழக்கிழமை காலை என்னைக் கத்திக் கூப்பிட்டாள். கோட்டுக்குக் கோடு ஆரஞ்சு. சுத்தமாக, வேறு எதுவும் கலக்காமல் வந்திருந்தது. என் தோளைக் கட்டிக்கொண்டாள். பயந்தே பூட்டேன் அக்கா, பொழச்சிகிச்சு என்றாள்.

பிளேட்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். பளபளத்தது. ஜி-17 பளபளக்காது. ஜி-17 மூன்று நாளில் வராது. இது ஜன்னல்காரன். நாலரை நாள் சூட்டில் அது செத்து, இது கொழுத்துவிட்டது.

கொஞ்ச நேரம்தான் கரண்ட் போனது என்று நினைக்கிற பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் எங்கிருந்து வரும்? சூட்டில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். வேகமா வந்திருக்குதேம்மா என்று மெதுவாக இழுத்தேன். மூன்றாவது தடவையில்லையா, மீடியாவுக்குப் பழகியிருக்கும் என்றாள். அவளுக்கு அது உயிரோடு இருக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை திவ்யா ஃப்ரீசரைத் திறந்து பனித் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஜி-17 வாழ்ந்த இடத்தில் என்னென்ன உப்பு, என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பேப்பரில் எழுத வேண்டும். அதுவரை தண்ணீரைச் செலவு செய்ய மனசு வராமல் பொத்தி வைத்திருந்தாள். கல்ச்சர்தான் பொழச்சிகிச்சே, இனிமே இதை அனுப்பிடலாம் என்று நூற்றைம்பது மில்லியை வேலூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினாள். பத்து மில்லியை மட்டும் டியூபில் மிச்சம் வைத்தாள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக் கொடுத்தவள் நான்தான்.

அந்த வாரம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுக்கச் சொல்லி டாக்டரிடம் போனேன். மாத்திரையில் தீருகிற வியாதியா அது.

7. முப்பத்தேழு

அடுத்த புதன்கிழமை. வளர்கிற சூடு எவ்வளவு என்று பார்ப்பதற்காக திவ்யா பிளேட்டுகளை ஒவ்வொரு டெம்பரேச்சரிலும் வைத்திருந்தாள். அன்று காலை ஒவ்வொன்றாக எடுத்து டேபிளில் அடுக்கினாள். நாலு டிகிரியில் ஒன்றுமில்லை. பத்தில் சுமார். முப்பதில் அமோகம். முப்பத்தேழில் இன்னும் அமோகம்.

பனியாற்றிலிருந்து வந்தது முப்பத்தேழில் வளர்ந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"என் கைதான்க்கா சுத்தமில்ல. அந்த மலைலருந்து அத்த இவ்ளோ தூரம் கொண்டாந்து, நானே கலப்படம் பண்ணிட்டேன். நான் இந்த வேலைக்கே லாயக்கில்ல."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. சார் திட்டினால் தாங்கலாம், எலக்ட்ரீஷியன் சாபம்கூட தாங்கலாம். லேபிலேயே சுத்தமான கை அவளுடையது. அந்தக் கையை அவளே பழிக்கிறாள்.

"உன் கை சுத்தமாத்தான்ம்மா கீது. கெடுத்தது நானு" என்றேன். "கரண்ட் போவல. பூஜ அன்னிக்கு நான்தான் அணைச்சேன். பொதங்கெழமைலருந்து திங்கக்கெழம காலைல வரைக்கும்."

அவள் என்னையே பார்த்தாள். எழுந்து போய் பி.ஓ.டி. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தைத் தூக்கினாள். கீழே சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. திட்டுவாள், கத்துவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகம் திடீரென்று வேறு மாதிரி ஆகி, போனைத் தேடினாள்.

"தண்ணி" என்றாள். "ஜல்தியா அந்த லேபு நம்பர் எடுங்கக்கா."

எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் பேசின பையன் நிதானமாகச் சொன்னான். சாம்பிள் சனிக்கிழமையே வந்துவிட்டது மேடம், உலோகம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, வந்த அன்றே முழுக்க ஆசிட் போட்டுவிட்டோம் என்றான். ரிப்போர்ட் நாளைக்கு மெயிலில் வரும் என்றும் சொன்னான். ஆசிட்டில் எந்தக் கிருமியும் பிழைக்காது. திவ்யா நன்றி சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

அன்று மதியமே சாரிடம் இரண்டு பேரும் போனோம். முழுக்கச் சொன்னேன். சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ரிடையர் ஆகப்போகிறவளுக்கு எதற்கு மெமோ என்றுதான் நினைத்திருப்பார்.

"லேப் நோட்டுல பவர் ஃபெயிலியர்னு எழுதிட்டு முடிச்சிடும்மா. யாரு கேக்கப்போறா" என்றார்.

திவ்யா ஒத்துக்கொள்ளவில்லை. எத்தனை மணி நேரம் எந்தச் சூட்டில் இருந்தது என்று சரியாக எழுதாவிட்டால், நாளைக்கு இந்த நோட்டை எடுக்கிறவன் இந்த ஆரஞ்சுக் கல்ச்சரை ஜி-17 என்று நம்புவான் சார் என்றாள். நோட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அணைத்த நாளும் நேரமும், திரும்பப் போட்ட நாளும் நேரமும், பொய் சொன்னதையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லீங்க என்று சொன்னாரே தவிர, அப்புறம் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

8. பத்து மில்லி

மிச்சமிருந்த பத்து மில்லியை ஐஸ் மேல் வைத்து உருக்கினோம். ஒரு சொட்டு வீணாகாமல் பிளேட்டுகளில் தடவினோம். மீடியா நான் ஊற்றினேன், தடவியது அவள். அன்றிலிருந்து நாற்பது நாள் நான் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் போய் டிஸ்பிளேவைப் பார்த்துவிட்டு வருவேன். மழைக்காலம், நிஜமாகவே கரண்ட் போகும். போன ஒவ்வொரு முறையும் ஐஸ் பெட்டியோடு ஓடுவேன். வழியெல்லாம் படவேட்டு அம்மனை வேண்டிக்கொள்வேன்.

பன்னிரண்டாம் நாள் வந்தது, போயிற்று. இருபது நாள் ஆயிற்று. காலனிகள் வந்தன. வெள்ளை வந்தது, மஞ்சள் வந்தது, ரோஸ் நிறத்தில்கூட ஒன்று வந்தது. ஒரு நாள் லேசான ஆரஞ்சு ஒன்று தெரிந்து இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டோம். பளபளத்தது. நாற்பதாம் நாள் திவ்யா பிளேட்டுகளை எடுத்து என்னிடம் கொடுத்தாள். ஆட்டோகிளேவில் வைத்தேன்.

அதே இடத்தில் திரும்பப் பனி எடுக்கலாம் என்று விசாரித்தாள். அவளை மலைக்குக் கூட்டிப்போன ஆராய்ச்சிக் குழு மறுபடி போகும்போது இவள் ஃபெலோஷிப் முடிந்திருந்தது. மற்ற காலனிகளை வைத்து, எல்லாம் முன்பே பெயர் தெரிந்த இனங்கள்தான், தீசிஸை மாற்றி எழுதினாள். ஒரு வருஷத்துக்குமேல் தாமதம். கடைசி ஆறு மாதம் ஃபெலோஷிப் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டே எழுதினாள். பட்டம் வாங்கிவிட்டாள். நான் ரிடையர் ஆன பிறகுதான் வைவா. அதற்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

வைவா முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, மனசிலிருந்ததை அவளிடம் கேட்டேன். நான் அந்தச் சுவிட்சை அணைத்ததை மறக்க முடிகிறதா என்றேன்.

அவள் பதில் சொன்னாள். குரலில் கோபம் இல்லை.

"அணைச்சது இன்னாக்கா, யாரு வேணா அணைப்பாங்க. நானும் ஒருநாள் அணைச்சிருப்பேன். நீங்க திங்கக்கெழமயே சொல்லியிருந்தா நூத்தம்பது மில்லி இருந்துது."

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். லேபில் தப்பு நடக்கும். பிளேட் கீழே விழும், லேபிள் மாறும், கை தன்பாட்டுக்கு சுவிட்சை அணைக்கும். அதைத் தெரிந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தப்பு நடந்தது தெரியாமல் மற்றவர்கள் அதற்குமேல் அடுத்த வேலையைச் செய்துகொண்டே போவார்கள். சுவிட்சை அணைத்ததால் செத்தது நாலு பிளேட். ஒன்பது நாள் நான் பேசாமல் இருந்ததால் போனதுதான் மீதியெல்லாம்.

ஜி-17இன் சீக்வென்ஸ் இப்போதும் டேட்டாபேஸில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உயிருள்ள கல்ச்சர் இல்லாததால் இனத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுத முடியவில்லை.